எஃகு வட்டிலும் நம்மூர் மேளமும்

உலகின்கண் எந்நாட்டு மக்களாயினும், ஆண்டில் ஓரிரு நாளேனும் தம் உழைப்பையும் கவலையையும் ஒதுக்கிவைத்துத் தெருவிற் கூடி, ஆடியும் பாடியும் மகிழ்தலை வழக்கமாகக் கொண்டுள்ளனர். அக்கூட்டத்திடையே ஒலிக்கும் கருவிகள் யாவை, அவற்றை முழக்குவோர் யாவர், விழா முடிந்த மறுநாள் அவர்தம் நிலை யாது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி விடை காண்போமாயின், அந்நாட்டு வரலாற்றின் பெரும்பகுதி நமக்கு விளங்கிவிடும்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடை வெளியின் வழியே சாரலைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோர் கூட்டம் நாடோறும் பெருகுகின்றது. அக்காலத்தில் அரசின் சார்பிற் குற்றாலத்துக் கலைவாணர் கலையரங்கில் நடைபெறும் சாரல் திருவிழாவில் கரகமும் நையாண்டி மேளமும் வில்லுப்பாட்டும் மேடையேறுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். கண்டு கைதட்டி வீடு திரும்பியபின், அக்கலைஞர்களை யாம் நினைப்பதுண்டோ? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு தீவின் விழாவும் அதன் கருவியும் நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றன. ஆதலின் முதற்கண் அத்தீவின் செய்தியைக் கூறிப் பின்னர் நம் நாட்டுச் செய்திக்கு வருவோம்.

விழாவின் பிறப்பு

மேற்கிந்தியத் தீவுகளுள் தென்கோடியில் உள்ளது திரினிதாது. கிறிஸ்தவர்கள் லெந்து நாட்களில் நோன்பு பூண்டு தவம் இருத்தல் மரபு. அந்நோன்பு தொடங்கும் சாம்பற் புதனுக்கு முந்திய திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் விருந்துண்டு களித்தல் ஐரோப்பியக் கத்தோலிக்கர் வழக்கம். அதற்குக் கார்னிவல் என்பது பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திரினிதாதிற் குடியேறிய பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் அவ்வழக்கத்தை உடன் கொண்டுவந்தனர். அவர்கள் தம் மாளிகைகளில் முகமூடி அணிந்து ஆடினர். அவர்தம் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழன்ற ஆப்பிரிக்க மக்களுக்கோ அவ்விழாவில் இடமில்லை.

1834ஆம் ஆண்டு அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. 1838இல் விடுதலை முழுமை பெற்றது. விடுதலை பெற்ற மக்கள் தெருவிற்கு வந்தனர். கரும்புத் தோட்டம் தீப்பற்றிய காலத்துத் தம்மை நள்ளிரவில் ஓட்டிச் சென்ற கொடுமையை நினைவுகூரும் வகையில், தீப்பந்தம் ஏந்திப் பறை முழக்கிச் சிலம்பமாடி ஊர்வலம் வந்தனர். ‘கான்புலே’ எனப்பட்ட அவ்வூர்வலம் கார்னிவலோடு கலந்து ஒன்றாயிற்று. மாளிகையின் விழா தெருவின் விழாவாக மாறியது.

ஆள்வோர்க்கு அது பிடிக்கவில்லை. 1881இல் தலைநகராகிய போர்ட் ஆப் ஸ்பெயின் தெருக்களிற் காவலர்க்கும் மக்களுக்கும் கைகலப்பு நிகழ்ந்தது. 1884இல் இயற்றிய சட்டம் தெருவிற் பறை முழக்குவதைத் தடைசெய்தது. ஆனால் ஒரு மக்களின் தாளத்தைச் சட்டத்தால் அடக்கிவிட முடியுமோ? அவர்கள் மூங்கிலை வெவ்வேறு நீளமாக வெட்டி, நிலத்தில் இடித்தும் ஒன்றோடொன்று தட்டியும் ஒலி எழுப்பினர். மூங்கிலுக்குப்பின் பிஸ்கட் டப்பாவும், பெயிண்ட் டப்பாவும், வண்டிச் சக்கரத்தின் இரும்பும், குப்பைத்தொட்டியின் மூடியும் கருவிகளாயின. இரண்டாம் உலகப்போரின்போது 1942 முதல் கார்னிவல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1945 மே மாதம் ஐரோப்பாவிற் போர் முடிந்த செய்தி வந்தவுடன், மக்கள் அத்தகரங்களை முழக்கிக்கொண்டு தெருவிற் குதித்தனர். எஃகு இசையின் இளமைப் பருவம் அது.

பீப்பாய் இசைக்கருவியானது எங்ஙனம்?

திரினிதாது எண்ணெய்க் கிணறுகள் மிக்க நாடு. ஆதலின் அங்கே வெற்றெண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. தகரத்தை அடித்து அடித்து ஓரிடம் புடைத்தபோது, அவ்விடத்து ஒலி மட்டும் வேறுபடுவதைத் தெருப்பிள்ளைகள் கண்டுகொண்டனர். வின்ஸ்டன் ‘ஸ்ப்ரீ’ சைமன், எல்லி மானெட், அந்தோணி வில்லியம்ஸ் முதலிய இளைஞர்கள் அவ்வொலி வேறுபாட்டை ஆராய்ந்து ஒரு புதிய கருவியையே ஆக்கிவிட்டனர். அவர்கள் இசைப்பள்ளியிற் பயின்றவர் அல்லர். ஏழை மக்கள் வாழும் சேரிகளிற் பிறந்தவர். ஸ்டீல்பான் என ஆங்கிலத்தார் வழங்கும் அக்கருவியை யாம் ‘எஃகு வட்டில்’ என்று அழைப்போம். ஏனெனில் அதன் வடிவு அகன்ற வட்டிலின் வடிவேயாம்.

அதனைச் செய்யும் முறை வருமாறு: பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் மெல்ல மெல்ல அடித்துக் கிண்ணம்போற் குழிவாக்குவர். குழியின் உட்பக்கத்தே ஒவ்வொரு சுரத்திற்கும் உரிய இடத்தை வரைந்து, ஓரத்தை ஆணிமுனையாற் பள்ளமிட்டுப் பிரிப்பர். பின்னர்ப் பீப்பாயின் பக்கத்தகட்டை வேண்டும் அளவிற்கு அறுப்பர். மேல்நிலைச் சுரம் பேசும் வட்டிலுக்குக் குட்டையாகவும், கீழ்நிலைச் சுரம் பேசுவதற்கு நெட்டையாகவும் அறுத்தல் வேண்டும். அதன்பின் தீயிலிட்டுக் காய்ச்சி ஆறவிடுவர். அதனால் எஃகு உறுதி பெறுகின்றது. இறுதியாகச் சிறு சுத்தியலால் ஒவ்வோரிடத்தையும் தட்டித் தட்டிச் சுருதி கூட்டுவர். இக்கடைசி வேலைக்குக் கூரிய செவியும் பல்லாண்டுப் பயிற்சியும் இன்றியமையாதன. பெரிய சுரத்திற்குப் பெரிய இடமும் சிறிய சுரத்திற்குச் சிறிய இடமும் வேண்டுதலின், உச்சச் சுர வட்டில் ஒன்றில் இருபத்தைந்திற்கும் மேற்பட்ட சுரங்கள் அமையும். மந்தச் சுரத்திற்கோ முழுப் பீப்பாய் ஒன்றில் மூன்று நான்கு சுரமே இடம்பெறும். ஆதலின் மந்தம் வாசிப்போர் ஆறு, ஒன்பது பீப்பாய்களின் நடுவே நின்று சுழன்று சுழன்று வாசிக்கின்றனர். வாசிக்கும் கோலின் நுனியில் ரப்பர் சுற்றியிருத்தலின் ஒலி கடுமையின்றி மணியோசைபோல் இனிதாய் எழுகின்றது.

தொடக்கக் காலத்தில் இக்கருவியைத் தொட்டவரை நாட்டார் போக்கிரிகள் என இகழ்ந்தனர். மதிப்புடைய குடும்பத்தார் தம் பிள்ளைகளை அம்முற்றங்களின் அருகே செல்லவும் விட்டிலர். ஒரு தெருக்குழுவினர்க்கும் மறு தெருக்குழுவினர்க்கும் கத்தியும் புட்டியும் கொண்டு சண்டை நிகழ்ந்தமையும் உண்மையே. பின்னர் 1963இல் ‘பனோரமா’ என்னும் இசைப்போட்டி கார்னிவலின் ஓர் அங்கமாகத் தோன்றியது. கையாற் காட்டிய பகை படிப்படியே கருவியாற் காட்டும் போட்டியாக மாறியது. 1992இல் எஃகு வட்டில் திரினிதாதின் தேசியக் கருவியென அறிவிக்கப்பெற்றது. 2023இல் ஐக்கிய நாடுகள் அவை ஆகஸ்டு 11ஆம் நாளை உலக எஃகு வட்டில் நாளாக ஏற்றது. 2025இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அரசு இலச்சினையினின்று கொலம்பசின் மூன்று கப்பல்களை நீக்கி, அவ்விடத்தே எஃகு வட்டிலைப் பொறிக்கத் தீர்மானித்தது. குப்பையினின்று எடுத்த தகரம் ஒரு நாட்டின் இலச்சினை ஏறிய வரலாறு வேறெங்கேனும் உண்டோ?

மாநகரத் தெருவில்

இனி இவ்விசை இலண்டன் மாநகரை அடைந்த வகையைக் காண்போம். 1948 ஜூன் மாதம் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பல் மேற்கிந்தியர் பலரை இங்கிலாந்திற்குக் கொண்டு சேர்த்தது. போரால் நலிந்த அந்நாட்டிற்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். ஆயினும் வந்தவர்க்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிற்று. 1951இல் நடைபெற்ற பிரித்தன் பெருவிழாவில் வாசிக்கத் திரினிதாதினின்று தேர்ந்த கலைஞர் குழுவொன்று சென்றது. மேற்கூறிய சைமனும் மானெட்டும் வில்லியம்ஸும் அதில் இருந்தனர். பீப்பாயினின்று எழுந்த இசையைக் கேட்டு இலண்டன் மக்கள் வியந்தனர். அக்குழுவினருள் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்பார் ஊர் திரும்பாது அந்நகரிலேயே தங்கி எஃகு இசையைப் பரப்பினார்.

1958இல் நாட்டிங்ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர்கள் மேற்கிந்தியரைத் தாக்கினர். பல நாள் கலவரம் நீடித்தது. அப்புண்ணை ஆற்றக் கருதித் திரினிதாதிற் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்னும் பெண்மணி 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் ஒரு கார்னிவலை நடத்தினார். வெளியே குளிர், ஆதலின் விழா கூரையின்கீழ் நடந்தது. 1966இல் ரோன் லாஸ்லெட் என்பார் நாட்டிங்ஹில் தெருவிற் சிறுவர்க்கென ஒரு விழாவெடுத்தார். அவ்விழாவில் ரசல் ஹெண்டர்சனும் அவர்தம் தோழரும் எஃகு வட்டிலைத் தோளில் மாட்டி வாசித்துக்கொண்டே தெருவில் நடக்கத் தொடங்கினர். மக்கள் பின்தொடர்ந்தனர். இன்று ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியிற் பல லட்சம் மக்கள் கூடும் நாட்டிங்ஹில் கார்னிவலின் தெருவூர்வலம் அந்நடையினின்று தோன்றியதேயாம். கனடாவின் டொராண்டோவிலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இதுபோன்ற விழாக்கள் மேற்கிந்தியர் குடியேறிய இடமெல்லாம் வளர்ந்துள்ளன.

தாயகத்தில் நோன்பிற்குமுன் வரும் விழா மாநகரிற் கோடைக்கு மாறிற்று. காலம் மாறினும், தெருவும் தாளமும் மாறவில்லை என்பது நோக்கற்பாலது.

கடல் கடந்த தப்பு

அத்தீவுகளுக்கும் தமிழர்க்கும் யாதோர் உறவும் இல்லையென நினைத்தல் வேண்டா. அடிமைத்தனம் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தமையால், ஆங்கிலேயர் இந்தியாவினின்று ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். 1845 மே 30ஆம் நாள் முதற் கப்பல் திரினிதாதை அடைந்தது. 1917 வரை ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேர் அங்கே சென்றனர். பெரும்பாலார் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியே சென்ற வடநாட்டார். சென்னையினின்று சென்ற தமிழரும் தெலுங்கரும் ‘மதராசி’ எனப்பட்டனர். அண்டை நாடாகிய கயானாவிலும் பிரெஞ்சுத் தீவுகளிலும் தமிழர் பலர் குடியேறினர்.

அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்மொழியை நாளடைவில் இழந்தனர், தப்பை இழந்திலர். கயானாவின் காளி கோயில்களில் மதராசி வழியினர் இன்றும் முழக்கும் தோற்கருவிக்குத் ‘தப்பு’ என்றே பெயர். அவ்வொரு சொல்லும் அவ்வொரு தாளமும் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெருங்கடலுக்கு அப்பால் உயிரோடிருப்பதை எண்ணுந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது.

1884இல் ஆப்பிரிக்கர்தம் பறைக்குத் தடை வந்த அதே ஆண்டில், அக்டோபர் 30ஆம் நாள், சான் பெர்னாந்தோ நகரின்கண் இந்தியத் தொழிலாளர் மேளம் முழக்கி நடத்திய மொகரம் ஊர்வலத்தின்மேல் அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது, பலர் மாண்டனர். இருசாரார் தாளமும் ஆள்வோர்க்கு ஒருபடித்தாகவே அச்சம் விளைத்தது போலும். பிற்காலத்தே இவ்விரு மரபும் ஒரு முற்றத்தில் வந்து கூடின. இந்திய வழியினராகிய ஜித் சமரூ (1950 – 2016), ரெனகேட்ஸ் என்னும் எஃகுக் குழுவிற்கு இசையமைத்துப் பனோரமாப் போட்டியில் ஒன்பது முறை வெற்றி தேடித் தந்தார்.

தென்காசி நாட்டு மேளங்கள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். நெல்லை, தென்காசிப் பகுதிகளில் சித்திரை தொடங்கி ஆடி முடிய ஊர்தோறும் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை விழா நிகழ்கின்றது. அவ்விழாக்களில் ஒலிக்கும் கருவிகளை எண்ணிப்பாருங்கள்.

நையாண்டி மேளத்தில் இரண்டு நாகசுரமும் இரண்டு தவிலும் பம்பையும் தமுக்கும் தாளமும் சேர்ந்து முழங்கும். அதன் விரைந்த நடைக்கேற்பக் கரகக்காரர் தலைமேற் செம்பு அசையாது ஆடுவர். கணியான் கூத்திலோ மகுடம் என்னும் தோற்கருவி இரண்டு உண்டு. ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். அண்ணாவி சுடலையின் கதையைப் பாட, பெண்வேடம் பூண்ட ஆடவர் ஆடுவர். விழா இரவில் ஓலையையோ சருகையோ கொளுத்தி, அத்தீயின் முன்னே மகுடத்தையும் பறையையும் காட்டித் தோலை இறுகச் செய்து சுருதி கூட்டுவதைக் கண்டோர், எஃகு வட்டிலைத் தீயிற் காய்ச்சும் செய்தியைப் படிக்குங்கால் வியப்படையார். தீயினாற் பக்குவம் பெறாத தாளம் எந்நாட்டு ஏழைக்கும் இல்லை.

வில்லுப்பாட்டில் வீசுகோலால் அடிக்கப்பெறும் மணி கட்டிய வில்லும், உடுக்கையும், கட்டையும், ஜாலராவும் உள. அவற்றோடு வில்லிற் பிணைத்த மண்குடம் ஒன்றும் உண்டு. தண்ணீர் எடுக்கும் குடம்தான் அது. குடக்காரர் ஒருகையிற் பிடித்த பத்தியாற் குடத்தின் வாயில் அறைந்து மந்த ஒலியையும், மறுகையிற் பிடித்த காசினாற் கழுத்திற் தட்டிக் கூரிய ஒலியையும் எழுப்புவர். திரினிதாதியர் எண்ணெய்ப் பீப்பாயை இசைக்கருவியாக்குதற்கு நெடுநாள் முன்னரே நம் நாட்டார் தண்ணீர்க் குடத்தை இசைக்கருவியாக்கிவிட்டனர். வீட்டில் உள்ளதைக் கொண்டு விழா நடத்துதல் ஏழையின் கலைத்திறன்.

இகழ்ச்சியிலும் இருநாட்டிற்கும் ஒப்புமை உண்டு. நம் நாட்டு இகழ்ச்சியோ அதனினும் ஆழமுடையது. பறையின் பெயரால் ஒரு சாதியாரையே நம் சமூகம் ஒதுக்கி வைத்தது. சாவு வீட்டிற் பறையடித்தல் அவர்க்கு விதித்த கடமையென்று கட்டாயப்படுத்தியது. இது காரணமாகவே, அக்குலத்தாருட் பலர் இனிப் பறையைத் தொடேம் என்று உறுதிகொண்டனர். அவ்வுறுதியை யாம் குறைகூறேம். அடிமைக் கடமையை மறுத்தல் மானமுடையோர் செயல். அதே வேளையில் அக்கருவியையே விடுதலை முழக்கமாக மாற்றினாரும் உளர். மதுரையை அடுத்த அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் பல ஊர் இளைஞர்க்குப் பறை பயிற்றி, 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய அருட்திரு தியோபிலஸ் அப்பாவு ஐயர் நாட்டுப்புற மெட்டையும் மேளத்தையும் ஆராதனையிற் புகுத்தினார். ஆர்கன் ஒலியே பக்தியின் ஒலியென்று எண்ணிய நம் திருச்சபையார்க்கு அது புதுமையாய்த் தோன்றிற்று; ஆனால் தம் தாளத்திலேயே ஆண்டவரைப் பாடிய சிற்றூர் மக்கள்தம் முகமலர்ச்சி அப்புதுமைக்குச் சான்று பகர்ந்தது.

மேடையும் முற்றமும்

நம் கருவிகளும் மாநகரை அடைந்துள்ளன. திருநெல்வேலியை அடுத்த சிற்றூரிற் பிறந்த சுப்பு ஆறுமுகம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ஆதரவாற் சென்னை சென்று, வில்லுப்பாட்டை நகரத்தார் அறியச் செய்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். 2007ஆம் ஆண்டுப் பொங்கற் காலத்தில் சென்னைச் சங்கமம் என்னும் விழா தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் தெருவிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடிப் பாடினர். சில ஆண்டுகள் நின்றிருந்த அவ்விழா 2023 ஜனவரியில் அரசின் சார்பில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்னும் பெயரோடு மீண்டும் எழுந்தது. வான்முட்டும் மாடங்களின் நிழலில் மகுடமும் தவிலும் முழங்குவதைக் கண்ட நகரத்துப் பிள்ளைகள் தாமும் சேர்ந்து ஆடினர். இலண்டன் தெருவில் எஃகு வட்டிலைப் பின்தொடர்ந்த மக்களை இக்காட்சி நமக்கு நினைவூட்டுகின்றதன்றோ?

ஆயினும் ஒரு வேறுபாடு உளது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாதலின் நேயர்கள் ஊன்றி நோக்குவார்களாக.

கார்னிவல் நடப்பது இரண்டே நாள். அவ்விரண்டு நாளும் எஃகு இசையைக் காப்பாற்றவில்லை. அதனைக் காப்பாற்றி வருவது திரினிதாதின் ஒவ்வொரு பேட்டையிலும் உள்ள ‘வட்டில் முற்றம்’. அது கதவில்லாத் திறந்த வெளி. கருவிகள் அங்கேயே இருக்கும். விழாவிற்கு முந்திய திங்கள்களில் இரவுதோறும் அலுவலகத்து எழுத்தரும், பள்ளி மாணவியும், துறைமுகத் தொழிலாளியும், மூதாட்டியும் அங்கே கூடுகின்றனர். பெரும்பாலார் இசைக்குறிப்பைப் படிக்க அறியார். இசையமைப்பாளர் ஒவ்வோரடியாக வாசித்துக் காட்டச் செவியாற் கேட்டுக் கற்கின்றனர். அயலார் நாற்காலி கொண்டுவந்து அமர்ந்து கேட்கின்றனர். இங்ஙனம் பயின்றவர் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரு குழுவாய்ப் பனோரமாவில் ஒரே மூச்சில் வாசிக்கின்றனர். குழுவின் செலவை நாட்டின் எண்ணெய் நிறுவனங்களும் வங்கிகளும் ஏற்கின்றன. பள்ளிகளிலும் எஃகு வட்டில் பயிற்றப்படுகின்றது. ஆதலின் அக்கருவி ஒரு குலத்தார்க்கோ ஒரு நிறத்தார்க்கோ உரியதாய் நின்றுவிடாது, ஜித் சமரூ போன்ற இந்திய வழியினர்க்கும் உரியதாயிற்று.

நமக்கோ மேடை உண்டு, முற்றம் இல்லை. சாரல் விழாவில் ஒரு மாலை, சங்கமத்தில் ஒரு சில நாள், கொடைக் காலத்தில் ஒரு சில இரவு. எஞ்சிய நாட்களில் மேளக்காரர் பீடி சுற்றும் இல்லத்திற்கும் செங்கற் சூளைக்கும் வயல் வேலைக்கும் திரும்புகின்றனர். மகுடம் கணியான் குடும்பங்களில் மட்டுமே தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் செல்கின்றது. மைந்தன் படித்து வேறு தொழிலுக்குச் செல்வானாயின் மகிழ்ச்சியே. ஆனால் அம்மகுடத்தை ஏந்த வேறொருவன் முன்வருகின்றிலன். அதனிடையே செங்கோட்டை வழியே கேரளத்துச் செண்டை மேளம் வந்து சேர்கின்றது. ஒலிபெருக்கிப் பெட்டியும் வந்து சேர்கின்றது. செண்டை நல்ல கருவியே. அதன்மேல் எமக்குக் காழ்ப்பில்லை. செண்டை வாழ்வதற்குக் காரணம் அதனை முறையாகப் பயிற்றும் களரிகள் மலைநாட்டில் நிலைபெற்றிருத்தலேயாம் என்பதையே சுட்ட விரும்புகின்றோம்.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதார் அல்லர். குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்தவர். மலைக்குறத்தியின் பேச்சையும் பாட்டையும் நூலாக்கித் தந்த அவர்க்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. பொன்னாடை ஒருநாட் சிறப்பு. நிலமோ ஆண்டுதோறும் சோறிடும். இனி, இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் இல்லத்து முற்றத்தில் நண்பரைக் கூட்டித் தமிழ்ப் பாட்டைச் சுவைத்த வட்டத்தொட்டியை அறியாதார் யார்? பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்தார். அங்கும் அவர் இல்லம் இரசிகர்க்கு முற்றமாகவே விளங்கிற்று. அவ்வட்டத்தொட்டிக்கு மேடையும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆயினும் அதனிடையே வளர்ந்த சுவை ஒரு தலைமுறையின் தமிழையே மாற்றியது. பாட்டிற்கு அமைந்த முற்றம் மேளத்திற்கு அமைதல் ஆகாதோ?

யாம் செய்யத்தக்கது

இவ்விடத்தே ஓர் ஐயம் எழலாம். மாடனுக்கும் அம்மனுக்கும் உரிய மேளத்தைக் கோயிலினின்று பிரித்துக் கல்லூரி முற்றத்திற் பயிற்றுதல் தகுமோ என்று சிலர் வினவுவர். கோயிலின் மேளம் கோயிலிலேயே இருக்க. அதனை எவரும் பறித்தல் வேண்டா. ஆனால் தாளம் கற்றல் எல்லார்க்கும் பொது. நோன்பிற்குமுன் வரும் கார்னிவலிற் பிறந்த எஃகு வட்டிலை இன்று இந்துக்களும் முகம்மதியரும் வாசிக்கின்றனர். அதனால் எவர் சமயமும் குன்றவில்லை.

மற்றோர் ஐயமும் உண்டு. இழிவின் அடையாளமாய்த் திணித்த கருவியை மீண்டும் அம்மக்களின் கையிலேயே கொடுப்பதா என்பது அது. இஃது நியாயமான வினா. இதற்கு விடை முற்றத்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. அங்கே எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் தரையில் அமர்ந்து மாணவராய்க் கற்றல் வேண்டும். அக்கலையறிந்த முதியவர் ஆசிரியராய் அமர்ந்து, ஆசிரியர்க்குரிய ஊதியத்தையும் வணக்கத்தையும் பெறுதல் வேண்டும். கருவியைத் தொடுவது பிறப்பினால் வந்த கடமையாயின் அது தளை. விருப்பினால் வந்த கல்வியாயின் அது கலை.

நம் அண்டையில் இதற்கு வழிகாட்டிகள் உளர். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென ஒரு துறையே அமைந்து, தென்பாண்டி நாட்டுக் கதைகளையும் கலைகளையும் தொகுத்து ஆராய்ந்துள்ளது. ஆராய்ச்சி ஒருபால் நடக்க, பயிற்சி மறுபால் நடத்தல் வேண்டும். இலக்கணம் கற்கும் யாம் வண்ணமும் சந்தமும் நூலிற் படிக்கின்றோம்; அச்சந்தம் தோலின்மேல் விழும் ஓசையைக் கேட்டறிந்தோர் எம்முள் எத்துணைப் பேர்? வகுப்பில் எழுத்தெண்ணிப் படிக்கும் தாளத்தை அண்ணாவி ஒருவரிடம் ஓர் ஆண்டு பயில்வோமாயின், தமிழ்ப் பாட்டின் நடை நமக்கு உள்ளபடி விளங்கும்.

ஆதலின் யாம் கேட்பது பெரிதன்று. நம் கல்லூரியில் மாலைதோறும் பந்தாட்டத்திற்கு இடம் உண்டு. அதனருகே ஒரு மரநிழலை மேளத்திற்கு ஒதுக்குக. தென்காசிப் பக்கத்து மகுடக்காரர் ஒருவரையும் வில்லிசைக்காரர் ஒருவரையும் கிழமைக்கு இருமுறை வருவித்து, மற்ற ஆசிரியர்க்குப்போல் ஊதியம் அளிக்குக. பழைய மாணவர் சங்கத்தார் கருவிகளின் செலவை ஏற்பாராயின் நன்று. ஒரு மகுடமும் ஒரு குடமும் விளையாட்டுச் சாமான்களின் விலைக்கு மேற்படா. கற்போர் இருபதின்மர் கிடைப்பின் போதும். அவருட் பெண்மக்களும் இருத்தல் வேண்டும். ஆண்டிறுதியில் மேடையேறினும் ஏறாவிடினும் கவலையில்லை.

திரினிதாதின் தெருப்பிள்ளைகளுக்கு ஆசானும் இல்லை, அரசின் துணையும் இல்லை, நல்ல தகரமும் இல்லை. அவர்பால் இருந்தவை ஒரு முற்றமும் விடாமுயற்சியும் மட்டுமே. நமக்கோ பன்னூறாண்டு பழகிய கருவிகள் உள. அவற்றை அறிந்த முதியவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர் கைகள் ஓய்வதற்குள் நம் கைகள் அத்தாளத்தைக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.